ஐந்து எம்.எஃப்.எம்.களும் தேவாரம் தவசியும்

சின்னமனூரில் ஓர் உரக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது மேகம் எஃப்.எம். ஒரு அறை, அதற்குள் கண்ணாடி வைத்துத் தடுத்த இன்னொரு அறை, அவ்வளவுதான் நிலையம். மலையடிப் பள்ளத்தாக்கில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்கும். காற்று மனசு வைத்தால் தேவாரம் வரைக்கும் போகும். அதன் பொறுப்பாளர் இவாஞ்சலின். பொறுப்பாளர் என்றால் காலையில் கதவு திறப்பது, கூட்டுவது, டிரான்ஸ்மிட்டரைப் போடுவது, பேசுவது, பாட்டு வைப்பது, போன் எடுப்பது, சாயங்காலம் கதவு பூட்டுவது என்று அர்த்தம்.

நாற்பத்து மூன்று வயது. சொந்த ஊர் ராயப்பன்பட்டி. பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்தே அவளுக்குக் குரல்தான் சொத்து. கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன செருப்பு, குடை, புருஷன் எல்லாவற்றுக்கும் அறிவிப்புச் செய்வாள். "வெள்ளை வேட்டி கட்டிய, காலையிலேயே கொஞ்சம் தள்ளாடிக்கொண்டிருந்த அந்தோணி என்பவர் எங்கிருந்தாலும் கொடிமரத்தடிக்கு வரவும், உங்கள் மனைவி கையில் குடையோடு நிற்கிறார்" என்று அவள் சொன்ன அறிவிப்பை ஊர் இன்னும் மறக்கவில்லை. பங்குச்சாமியார் மறுநாள் கூப்பிட்டுக் கண்டித்தார். கண்டிக்கும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

புருஷன் ஜாஸ்பர் ஜீப் டிரைவர். விடிவதற்கு முன்னால் ஆள் ஏற்றிக்கொண்டு கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போனால், பொழுது சாயத்தான் வருவார். தோட்டத்துக்காரர்கள் வீட்டுப் போனில்தான் கூப்பிடுவார்கள், இத்தனை பேர் வேண்டும், இத்தனை மணிக்கு வேண்டும் என்று. அவர்களோடு பேசிப் பேசியே இவாஞ்சலினுக்கு மலையாளம் வந்துவிட்டது. கொஞ்ச காலம் ஒரு பஸ் ஸ்டாண்டில் மைக் விளம்பரம் சொன்னாள். பிறகு ஒரு அறக்கட்டளை சமுதாய வானொலி ஆரம்பித்தபோது, அதன் செயலாளர் சாலமன் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அவளைப் பேசிப் பார்க்கச் சொன்னார். மூன்று நிமிஷம் பேசச் சொன்னவர் இருபது நிமிஷம் கழித்துத்தான் நிறுத்தச் சொன்னார். வேலை கிடைத்தது.

வில்லங்கம் போர்டில் ஆரம்பித்தது. போர்டு எழுதியவர், எம்.எஃப்.எம். என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்தை ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டு, 'மேகம் எஃப்.எம்., சமுதாய வானொலி' என்பதைக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருந்தார். இரண்டு மழைக்காலத்தில் எறும்பு வரிசை கரைந்துபோனது. மூன்று எழுத்து மட்டும் மிச்சம். இன்டர்நெட் மேப்பிலும் அந்த மூன்று எழுத்தோடு நிலையத்துப் போன் நம்பர் முதலாவதாக வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் போன் ஒரு கல்யாண வீட்டிலிருந்து வந்தது.

"மூணு பேர் உக்கார்ற சோபா இருக்கா?"

"இது ரேடியோ ஸ்டேஷன்ங்க."

"எம்.எஃப்.எம். தான?"

"ஆமாங்க."

"அப்பறம் என்ன? சோபா இருக்கா இல்லையா?"

 இவாஞ்சலின் இரண்டு நாள் 'ராங் நம்பர்' சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை. மூன்றாம் நாள், "என்ன கலர் வேணும்?" என்று கேட்டுவிட்டாள்.

விசாரித்ததில், உத்தமபாளையம் ரோட்டில் முத்துராஜா ஃபர்னிச்சர் மார்ட் என்று ஒரு கடை இருப்பது தெரிந்தது. அதுவும் எம்.எஃப்.எம். கடை நம்பரை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தாள். அதோடு முடியவில்லை. வாழைத்தார் விலை கேட்டு விவசாயிகள் கூப்பிட்டார்கள். அது முல்லை ஃபார்மர்ஸ் மார்க்கெட்டிங் என்ற உழவர் கம்பெனிக்குப் போகவேண்டிய போன். மலைக்கு மேலே ஏலத்தோட்டப் பக்கம் மஞ்ஞு எஃப்.எம். என்று ஒரு மலையாள வானொலி. மஞ்ஞு என்றால் அவர்களுக்குப் பனிமூட்டம். அதற்கான போன்களும் மலை இறங்கி வந்தன. "சேச்சி, ஒரு பாட்டு வைக்குமோ?" என்று ஒரு பெண் கெஞ்சினாள். இவாஞ்சலினும் இரக்கப்பட்டு, காலை ஏழு மணிக்கு ஒரு மலையாளப் பாட்டைப் போட்டாள். சாலமன் சார் உடனே கூப்பிட்டார்.

"ஏம்மா, நம்ம ஸ்டேஷன்ல என்ன மலையாளம்?"

"மலைக்கு வேலைக்குப் போற நம்ம சனங்க ஜீப்புல கேக்குறாக சார். பாசை பழகட்டுமேன்னுதான்."

ஐந்தாவது எம்.எஃப்.எம். தான் அவளை ஒரு கணம் உறைய வைத்தது. ஒரு மத்தியானம் யாரோ ஒருவர் கூப்பிட்டு, "அம்மா தவறிட்டாக. பெட்டி உடனே வேணும்" என்றார். அந்த ஆளிடம் போய் ராங் நம்பர் என்று எப்படிச் சொல்வது? பேரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, அங்கங்கே போன் போட்டுக் கண்டுபிடித்தாள். ராயப்பன்பட்டியிலேயே, அவளோடு படித்த பெனடிக்ட்தான் அந்தக் கடைக்காரன். அவன் அப்பா பேரில் மிக்கேல் ஃபிரீசர் பாக்ஸ் அண்டு மைக்செட். இறந்தவர்களை வைக்கும் குளிர்பெட்டியும், அழுகைக்கு நடுவே ஒலிபரப்ப மைக்செட்டும் வாடகைக்குக் கிடைக்கும். அன்றிலிருந்து பெட்டி கேட்டு வரும் போன்களை எல்லாம் அவள் பெனடிக்ட்டுக்குத் தள்ளிவிட்டாள். அவன் கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா அச்சுமுறுக்கு கொண்டுவந்து கொடுத்தான். "ஒன்னாலதான் யாவாரம் ஓடுது" என்று அவன் சொன்னபோது, சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவளுக்குப் புரியவில்லை.

இதுவரைக்கும் உபகாரம். இதற்கு மேல் நடந்ததெல்லாம் அவள் குறும்பு.

ஒருநாள் வங்கிக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டர் பெண்ணோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டி முடித்தவளுக்கு ஒரு யோசனை உதித்தது. அடுத்த போன் வந்ததும், மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, "எம்.எஃப்.எம்.-க்கு அழைத்தமைக்கு நன்றி. சோபா, கட்டில், பீரோவுக்கு ஒன்றை அழுத்தவும். வாழைத்தார் விலைக்கு இரண்டை அழுத்தவும். மலையாளத்திற்கு மூன்றை அழுத்தவும். துக்க காரியத்திற்கு நான்கை அழுத்தவும். வானொலியோடு பேச ஐந்தை அழுத்தவும்" என்றாள். அந்தப் பக்கம் நிஜமாகவே 'பீப்' என்று ஒரு சத்தம். "ஒன்றை அழுத்தியதற்கு நன்றி. முத்துராஜா கடை நம்பரைக் குறித்துக்கொள்ளவும்" என்றாள் அதே குரலில். பள்ளத்தாக்கே பவ்யமாகப் பட்டனை அழுத்தியது. ஒருமுறை சாலமன் சாரே கூப்பிட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் ஐந்தை அழுத்தினார். பிறகு நேரில் வந்தபோது, "கம்ப்யூட்டர் எப்பம்மா வாங்குனோம்?" என்று கேட்டார். "டிரையல் பாக்குறோம் சார்" என்றாள் முகம் மாறாமல்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஆடி மாதம் வந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று என்றால் சும்மா இல்லை. வாழையைச் சாய்க்கும், தகரத்தைத் தூக்கும், போன் பேச்சில் பாதியைத் தின்றுவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் அடித்தது. பாட்டு மாற்றும் அவசரத்தில் அன்றைக்கு அவள் கம்ப்யூட்டர் குரல் போடவில்லை.

"எம்.எஃப்.எம்.-ங்களா? தேவாரத்துலருந்து ஜோதிலட்சுமி பேசுறேங்க. எங்க அப்பாவுக்கு..." காற்று ஊளையிட்டது. "...முடிஞ்சிருச்சுங்க."

இவாஞ்சலின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அடடா. எப்பங்க?"

"இன்னைக்கோடங்க."

"என்ன வயசு?"

"எம்பது."

"நெறஞ்ச வயசு ஆத்தா."

"ஆமாங்க, நெறஞ்ச வயசு. எங்களுக்கெல்லாம் சந்தோசந்தான். சொந்தபந்தம் எல்லாம் வாராக. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எல்லாரும் பெட்டிக்கு முன்னால உக்காந்துருவோம். நீங்க அந்த நேரத்துக்குச் சரியா..."

"எட்டு மணிக்கு டாண்ணு வந்துரும். கவலைப்படாதீக."

"மைக்குல அப்பாவப் பத்தி நல்லபடியா நாலு வார்த்தை சொல்லணும். பேரு தவசி. பாட்டும் வேணும். பழைய பாட்டுன்னா அப்பாவுக்கு உசுரு."

"எல்லாம் வரும். வீடு எங்கன?"

"வீட்டு அட்ரஸுமா?" அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்பு. "பஜாருக்குப் பின்னால, பச்சைக் கேட்டு போட்ட வீடுங்க. பந்தல் போட்டுருக்கோம், தூரத்துலயே தெரியும்."

போனை வைத்த இவாஞ்சலினுக்கு மனசு கனத்தது. கல்யாணச் சாவு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். வாழ்ந்து முடித்தவரைச் சிரித்த முகத்தோடு வழியனுப்புகிற மகள். பந்தலும் பாட்டும் சொந்தமும். பெனடிக்ட்டைக் கூப்பிட்டு, பெட்டி, மைக்செட் இரண்டையும் சொல்லிவிட்டாள். போதாததற்கு, நம்மால் ஆனதை நாமும் செய்வோம் என்று ராத்திரிச் சமையலுக்கு நடுவே ஒரு தாளை எடுத்து அஞ்சலி எழுதினாள். தவசியை அவளுக்கு முன்பின் தெரியாது. ஆனாலும் இறந்தவர்களைப் பற்றி எழுதப் பெரிதாக எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உழைப்பால் உயர்ந்தவர். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர். ஊருக்கு நிழலாக இருந்தவர்.

புதன்கிழமை காலை எட்டு மணி. சோக வயலினை மெல்ல ஏற்றிவிட்டு, குரலை அதற்கும் கீழே இறக்கி, "தேவாரம் பெரியவர் தவசி ஐயா நம்மை விட்டுப் பிரிந்துவிட்டார்" என்று தொடங்கினாள். நான்கு நிமிஷம் பேசினாள். முடிக்கும்போது அவளுக்கே கண் கலங்கியிருந்தது. வயலின் ஓய்ந்ததும், நேயர்கள் தொலைபேசி நேரம். சொல்லி வைத்தாற்போல முதல் போன் வந்தது. ஒலிபரப்பில் இணைத்தாள்.

"வணக்கம், மேகம் எஃப்.எம்., யார் பேசுறீக?"

"தவசி."

"எந்த ஊர் தவசிங்க?"

"தேவாரந்தான். இப்ப வயலின் வாசிச்சுச் சாகடிச்சீகளே, அதே தவசி."

  போனில் பின்னாலே ஒரே இரைச்சல். வண்டி ரிவர்ஸ் எடுக்கிற பாட்டு, பெண்கள் கத்துகிற சத்தம், அதற்கு மேலே அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல்: "பெட்டிய எங்கன எறக்கங்க? பிளக் பாயிண்டு பக்கத்துல இருந்தாத்தான் நல்லது!" பெனடிக்ட்.

"ஐயா..." என்றாள். "ஐயா, நீங்க... நல்லாருக்கீகளா?"

"இப்ப வரைக்கும் நல்லாத்தான் இருக்கேன். நேத்தோட எம்பது முடிஞ்சிருச்சு. எம் மக வாழ்த்துச் சொல்லச் சொல்லி ஒங்களுக்குப் போன் போட்டாளாம். புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு, நாங்க இருவது பேரு ரேடியோப் பெட்டிக்கு முன்னால உக்காந்திருக்கோம். பேரச் சொன்னீக, கைதட்டுனோம். பெறகுதான் என்ன சொல்றீகன்னு காதுல விழுந்துச்சு. அதுக்குள்ள வாசல்ல ஒருத்தன் கண்ணாடிப் பெட்டியோட நிக்கிறான்."

முந்தின நாள் பேச்சு முழுவதும் இவாஞ்சலின் தலைக்குள் தலைகீழாகத் திரும்பி ஓடியது. முடிந்தது. சந்தோஷம். பெட்டி. பந்தல்.  அடக்க முடியாத ஒரு சிரிப்பு கிளம்பியது. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுருங்க ஐயா. தப்பு என்னோடதுதான்."

"மன்னிக்கிறது இருக்கட்டும். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர்னு சொன்னீகளே, அதக் கேட்டு எங்க தெருவே விழுந்து விழுந்து சிரிக்குது. யாரு எழுதிக் குடுத்தா?"

அவள் பதில் சொல்வதற்குள், தூரத்திலிருந்து ஓர் அழுகை கேட்டது. மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. தவசியின் குரல் சட்டென்று தணிந்தது. "தாயி, போனை வச்சுராத. எந் தங்கச்சி கருத்தம்மா வாரா. எம் மகள அவ மகனுக்குக் குடுக்கலன்னு பதினோரு வருசமா இந்தத் தெருவுல கால் வைக்காதவ. மேலத்தெருவுல ரேடியோ கேட்டுருப்பா போல. சத்தம் போடாம இரு."

அவர் போனைக் கையில் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கு முழுக்க அந்த ஒப்பாரி போனது.

"மலையடி வாரத்துல மரமா நின்னவரே,
மழையில நான் நனையாமக் கொடையா வந்தவரே,
கோவத்துல பேசினத நெஞ்சில வச்சேனே,
கூப்பிட ஆளில்லாமப் போயிச் சேந்தீரே..."

நிலையத்தில் இவாஞ்சலின் விரல் கட் பட்டனுக்கு மேலேயே நின்றது. அழுத்த வேண்டும். விதிப்படி அழுத்தத்தான் வேண்டும். அவள் அழுத்தவில்லை. கீழே உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஒப்பாரி வாசலுக்கு வந்துவிட்டது. அப்போது தவசி சொன்னார், தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி:

"ஏ கருத்தம்மா, அந்தக் கொடை வரிய இன்னொருக்காப் பாடு."

 ஓர் அலறல். பிறகு பாத்திரம் உருளும் சத்தம். அதற்கப்புறம் கருத்தம்மாளிடமிருந்து வந்த வார்த்தைகளை எந்த வானொலியும் ஒலிபரப்ப முடியாது. இவாஞ்சலின் விரல் தானாகவே பட்டனை அழுத்தியது.

ஐந்தே நிமிஷத்தில் சாலமன் சார் கூப்பிட்டார். அவர் கோபமாக இருந்தால் சுத்தமான தமிழ் பேசுவார். "உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி செலுத்தியிருக்கிறோம். அவரே தொடர்புகொண்டு மறுத்திருக்கிறார். இதை எங்கே போய்ச் சொல்வது?" என்றார்.  வேலை போய்விடும் என்று இவாஞ்சலினுக்குத் தோன்றியது. அதைவிட, அந்த வீட்டின் நல்ல நாளைக் கெடுத்துவிட்டோமே என்பதுதான் அறுத்தது. உதவிக்கு வரும் பெண் ஜோதிகாவிடம் நிலையத்தை ஒப்படைத்துவிட்டு, அரை கிலோ மிக்சரும் ஒரு சால்வையும் வாங்கிக்கொண்டு தேவாரத்துக்குப் பஸ் ஏறினாள்.

பச்சைக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பந்தலுக்குள் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். மாலையோடு வந்தவர்கள், மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் தவசி, மொடமொடப்பான சட்டையில், கழுத்தில் எட்டுப் பத்து மாலைகளோடு. அவர் பக்கத்தில் கண் வீங்கிய ஒரு அம்மாள், கையை ஆட்டி ஆட்டி அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அதுதான் கருத்தம்மாள் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் பெனடிக்ட் ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தான். குளிர்பெட்டி வேப்பமரத்தடியில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ரோஸ்மில்க் பாட்டில்கள்.

"என்ன பெனடிக்ட் இது?" என்றாள் பதறி.

"புதுப் பெட்டி, இவா. இன்னும் ஒருத்தரும் படுக்கல. ஐயாதான், வந்தது வந்துருச்சு, சும்மா எதுக்குத் திருப்பி அனுப்பணும்னாக."

பாதிப் பேர் அந்த ரோஸ்மில்க்கைத் தொடவில்லை. தவசி இரண்டு பாட்டில் குடித்திருந்தார்.

இவாஞ்சலின் அவர் முன்னால் போய் நின்றாள். குரல் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதனால் "ஐயா" என்று சொன்னதுமே அடையாளம் கண்டுகொண்டார். "வா தாயி. என்னயக் கொன்னவளே வந்துட்டா" என்று பந்தலுக்கே அறிவித்தார். ஜோதிலட்சுமி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். இரண்டு பெண்களும் திண்டாடித் திண்டாடி அந்தப் பேச்சை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

"நெறஞ்ச வயசுன்னு நீங்க சொன்னீகளேக்கா, நான் வாழ்த்துன்னுல்ல நெனச்சேன்."

"சந்தோசமா இருக்கோம்னு நீங்க சொன்னீகளே, நான் எவ்வளவு பக்குவப்பட்ட பொண்ணுன்னுல்ல நெனச்சேன்."

"அட்ரஸ் கேட்டதும் பரிசு அனுப்புவீகன்னு நெனச்சுட்டேன்."

"அனுப்பத்தான செஞ்சேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் இவாஞ்சலின். அதோடு ஜோதிலட்சுமிக்கு அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் இவாஞ்சலினுக்கும் அப்போதுதான் வெளியே வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

தவசி ஒரு நிபந்தனை போட்டார். "நாளைக்கு இதே எட்டு மணிக்கு நான் உசுரோட இருக்கேன்னு சொல்லணும். எம் பாட்டையும் போடணும். அந்த வயலின் வேண்டாம், பேதி கண்டவன் மொனகுற மாதிரி இருக்கு."

மறுநாள் சொன்னாள். "நேற்று இறந்துவிட்டதாக இந்த நிலையம் அறிவித்த தேவாரம் தவசி ஐயா, இன்று காலை ஆறு மணிக்கு எழுந்து, டீயில் சர்க்கரை குறைவாக இருக்கிறது என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, இப்போது இந்நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாரையும் கடுஞ்சொல் சொல்லாதவர் என்று நாம் சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்."

அந்த வாரக் கடைசியில் சாலமன் சார் ஐந்து எம்.எஃப்.எம்.களையும் கூட்டினார். நான்கு தரப்பு நேரில் வந்தது. மஞ்ஞு எஃப்.எம். அறிவிப்பாளர் லிஸி போனில் கலந்துகொண்டாள். தேவாரம் கதையை அவள் ஏற்கனவே தன் காலை நிகழ்ச்சியில் சொல்லி, மலை முழுக்கச் சிரிக்க வைத்திருந்தாள். யாராவது பேரை மாற்றிக்கொண்டால் குழப்பம் தீரும் என்றார் சார். எல்லோரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். நாற்காலி முதுகில் எல்லாம் எழுத்தை வெட்டியாகிவிட்டது, இனி மரத்தை ஒட்டவா முடியும் என்றார் முத்துராஜா. உழவர் கம்பெனிக்காரர், பதிவு செய்த பேர், மாற்றினால் சென்னைக்கு நடக்க வேண்டும் என்றார். "ஞங்ஙள்க்குப் பற்றில்லா", எங்களால் முடியாது என்று லிஸி போனிலேயே முடித்துவிட்டாள். கடைசியில் பெனடிக்ட் எழுந்து, அடக்கமாகச் சொன்னான்: "எங்க கஸ்டமரு யாரும் ரெண்டாந்தடவை வாறதில்ல சார். பேர் மாத்துனதை நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

கூட்டம் அதோடு கலைந்தது. இவாஞ்சலின் வேலை பிழைத்தது. இனிமேல் போன் எடுத்ததும் 'மேகம் எஃப்.எம். வானொலி நிலையம்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் உத்தரவு. கம்ப்யூட்டர் டிரையல் உடனடியாக நிறுத்தப்படுகிறது என்றும் சார் சேர்த்துக்கொண்டார், அவளைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு வந்த போன்கள்தான் யாரும் எதிர்பாராதவை. ஓடைப்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவர், "எனக்கும் எழுவத்தெட்டு ஆகுது. அதே மாதிரி ஒரு அஞ்சலி வைக்க முடியுமா? எவன் எவன் வாரான்னு பாக்கணும்" என்றார். ஒரு அம்மாள், தான் செத்தால் மருமகள் என்ன சொல்வாள் என்று தெரிந்தாக வேண்டும் என்றாள். ஒரே வாரத்தில் பதினேழு பேர். இவாஞ்சலின் யோசித்தாள். சாகடிக்காமலே இதைச் செய்ய முடியுமே.

சாலமன் சாரிடம் போய் நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு, "ஆள் உயிரோடு இருப்பதை இரண்டு தடவை உறுதி செய்ய வேண்டும்" என்றார். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சி 'இருக்கும்போதே' பிறந்தது. யாராவது ஒருவர் போனில் வந்து, உயிரோடிருக்கும் இன்னொருவரைப் பற்றி மூன்று நிமிஷம் நல்லதாக மட்டும் பேச வேண்டும். பேசப்படுபவர் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று பெனடிக்ட் முன்வந்தான். கடைப் பேரை முழுதாகச் சொன்னால் கேட்கிற பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதனால், "இந்நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர் எம்.எஃப்.எம்." என்று மட்டும் சொன்னாள் இவாஞ்சலின். நிலையம் தன் பேரைத்தான் சொல்லிக்கொள்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். நேயர்களிடம் அவள் இன்றுவரை சொல்லாமல் வைத்திருக்கும் ரகசியம் அது ஒன்றுதான்.

ஐந்தாவது வாரம் தவசி பெயர் கொடுத்தார், தங்கச்சியைப் பற்றிப் பேச. தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தார். சின்ன வயதில் கருத்தம்மாள் தன் பங்குச் சோளக்கூழை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பசியில்லை என்று பொய் சொன்னது. அவர் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஆறு மாதம் வந்து சோறாக்கிப் போட்டது. இதுவரைக்கும் ஜோராகப் போனது. "அப்படிப்பட்டவ மகனுக்கு நான்..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

தாள் படபடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இவாஞ்சலின் பாட்டைப் போடக் கை நீட்டி, இழுத்துக்கொண்டாள். பத்து நொடி, இருபது நொடி. வானொலியில் அது பெரிய வெளி. இன்னொரு போன் அடித்தது. எடுத்தாள். சாலமன் சார்.

"ஏம்மா, டிரான்ஸ்மிட்டர் நின்னுபோச்சா?"

"இல்ல சார், ஓடுது" என்றாள் மெதுவாக. "தவசி ஐயா யோசிக்கிறாக."